ஒரு புகாரும் வரவில்லை

வெள்ளி மாலை விளக்குகள் மேசைமேல் எரிந்துகொண்டிருந்தன. யூதர் வழக்கப்படி வாரந்தோறும் செய்வதுபோல், மகளின் தலைமேல் வைத்து ஆசி கூறக் கைகளை உயர்த்தினார் ஸெலிக். தாலியா ஓரடி பின்வாங்கினாள். உயர்ந்த கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் மேசைவிரிப்பை நீவிவிட்டார்.

பல்கலைக்கழகத்தில் மாணவர் நலத்துறைக்கு அவர் தலைவர். வளாகங்களில் யூத வெறுப்பு நிலவுகிறதா என்று விசாரிக்கக் கான்பெராவிலிருந்து வரும் நாடாளுமன்றக் குழுவின் முன், திங்களன்று அவர் சாட்சி சொல்ல வேண்டும். ‘விடுதியில் தங்கும் யூத மாணவர் எவரிடமிருந்தும் புகார் வரவில்லை’ என்று சொல்லும்படி பல்கலைக்கழக வழக்கறிஞர் அறிவுறுத்தியிருந்தார். அது பொய்யும் அன்று.

அதே விடுதியில்தான் தாலியாவும் தங்கியிருந்தாள். அவள் அறைக்கதவின் நிலையில் பதித்திருந்த மெசூசாவை, வேதவரிகள் அடங்கிய அந்தச் சிறு சிமிழை, யாரோ பெயர்த்தெறிந்து, கதவில் ‘வெளியே போ’ என்று கிறுக்கியிருந்தார்கள். புகார் எழுதப்போனவளைத் தந்தைதான் தடுத்தார். புதிய பதவி, தம் மகளே முதல் புகார்க்காரி என்றால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? சிமிழை உள்பக்கம் மாட்டிக்கொள்ளச் சொன்னார்.

ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொள் என்று குஞ்சை அதட்டிய ஆமை, காட்டில் அலறல் ஏதும் கேட்கவில்லை என்று சிங்கத்திடம் சாட்சி சொன்னதாம். சிங்கமும் மகிழ்ந்ததாம்.

“நீங்க பொய் சொல்லப்போறதில்லப்பா. புகார் வரத்தான் செஞ்சுது. வீட்டு வாசலத் தாண்டல, அவ்வளவுதான்,” என்றாள் தாலியா.

“உன் நல்லதுக்குத்தாம்மா...”

“யாரோட நல்லதுக்கு?”

மனைவி ரிவ்கா கரண்டியை எடுத்தாள். “சூப்பு ஆறுது. வெட்கப்படறத சாப்பிட்டுட்டுப் படலாம், ரெண்டு பேரும்.” யாரும் சிரிக்கவில்லை.

திங்களன்று மண்டபம் நிறைந்திருந்தது. வழக்கறிஞர் சொல்லித்தந்ததைச் சொல்லி முடித்தார் ஸெலிக். குழுத் தலைவி நன்றி கூறி அடுத்த சாட்சியை அழைக்கவிருந்தார். ஸெலிக் எழவில்லை.

“ஒரு மாணவி புகார் குடுக்க வந்தா. ஒரு அதிகாரி அவளத் தடுத்துட்டாரு.” குரல் அவருக்கே அந்நியமாக ஒலித்தது.

வழக்கறிஞர் அவர் கோட்டின் நுனியைப் பிடித்து இழுத்தார். தலைவி நிமிர்ந்தார். “அந்த அதிகாரி இன்னும் வேலைலதான் இருக்காரா?”

“உங்க முன்னாடிதான் உக்காந்திருக்காரு.”

மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. மற்றோர் உறுப்பினர் ஆவலோடு முன்சாய்ந்து, மாணவியின் பெயரைக் கேட்டார். மறுநாள் செய்தித்தாளின் தலைப்பு அப்போதே அந்த உறுப்பினரின் கண்ணில் தெரிந்தது.

“அத நான் சொல்லமாட்டேங்க. அவ வாயை ஒரு தடவ நான் அடைச்சேன். இப்ப அவளக் கேக்காம அவளுக்காகப் பேசினா, அதுவும் அதே தப்புதான்.”

பின்வரிசையில் ஒரு நாற்காலி நகரும் ஓசை கேட்டது. அது தாலியாவாக இருக்கலாம். ஸெலிக் திரும்பவில்லை, அவளைப் பார்க்க இன்னும் அவருக்கு முகமில்லை.