பால் வண்டியில் ஏறின செய்தி

ஹுமேராவுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். பாப்பிரெட்டிப்பட்டியில யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. கையில ஒரு போன், ஒரு மைக், அவ்வளவுதான் அவ சேனல். ஆனா அதுல வந்துட்டா, மாசக்கணக்கா எரியாத தெருவிளக்கு மறுநாளே எரியும். அப்பேர்ப்பட்டவ அந்த வெள்ளிக்கிழமை தாலுகா ஆபீசுல ஒரு ஆபீசர் மேஜைக்கு முன்னால வாயடைச்சு உக்காந்திருந்தா.

விஷயம் இதுதான். மன்னாங்கொல்லை மலையில பாஞ்சாலின்னு ஒரு அம்மா. அவங்க மருமக கலைமதிக்கு வலி எடுத்தப்ப, மலை மேல இருக்கிற ஆஸ்பத்திரி பூட்டிக் கிடந்துச்சு. ஜீப்புல கீழ கொண்டு வரும்போதே பிரசவம். குழந்தை தங்கல. "மூணு மாசமா அந்தப் பூட்டைத் தொறக்கலைங்க"ன்னு பாஞ்சாலி சொன்னதை ஹுமேரா அப்படியே போட்டா. முதல் நாள் நாப்பதாயிரம் பேர் பார்த்தாங்க. ரெண்டாம் நாள் அறுபது. அறுபதாயிரம் இல்லைங்க, வெறும் அறுபது பேர்! என்ன கொடுமை இதுன்னு வீடியோ ஓடற ஆப் கம்பெனிக்கு எழுதினா, மாசாமாசம் பணம் கட்டி நீல டிக் வாங்குங்க, அப்பத்தான் நாலு பேருக்குக் காட்டுவோம்னு பதில் வருது. அதே நேரம், 'ஆஸ்பத்திரி தினமும் திறந்திருக்கு, அந்தம்மா சொல்றது பொய்'னு ஒரு சர்க்கார் விளம்பரம், காசு கட்டி, ஊர்ல இருக்கிற போன் எல்லாத்துலயும் ஓடுது. நர்ஸ் போட வக்கில்ல, விளம்பரம் போட மட்டும் துட்டு இருந்துச்சு பாருங்க.

ஆபீசர் டீயை ஆத்திக்கிட்டே சொன்னார். "வதந்தி பரப்பினதா கேஸ் போடலாம்மா. உங்க வூட்டுக்காரர் நிசார் அகமது பாத்திரக்கடை லைசென்ஸ் வேற புதுப்பிக்க வந்திருக்காம்."

ஹுமேரா அழிச்சா. சேனல்ல இருந்ததை அழிச்சா, போன்ல இருந்த ஒரிஜினலையும் அழிச்சா. ஆபீசர் அவ போனை வாங்கி, அழிச்சதெல்லாம் போய்க் கிடக்கிற இடத்தையும் தேடிப் பிடிச்சு, காலி பண்ணிட்டுத்தான் திருப்பிக் குடுத்தார். சீ, இதுக்கா மைக்கைப் பிடிச்சோம்னு அவளுக்கு அவ மேலயே வெறுப்பா வந்துச்சு. ஞாயித்துக்கிழமை மலை பஸ் ஏறிட்டா.

பாஞ்சாலி சாமைக் கொல்லையில களை எடுத்துக்கிட்டிருந்தாங்க.

"அக்கா, உங்க வீடியோவ நானே அழிச்சிட்டேங்க. கேஸு, வூட்டுக்காரர் கடை லைசென்ஸுன்னு ஆபீசர் மிரட்டவும் பயந்துட்டேன்."

"எத அழிச்ச கண்ணு? இங்க ஓடிக்கிட்டுதான இருக்குது?" பாஞ்சாலி மடியிலிருந்து போனை எடுத்துத் தட்டினாங்க. அதே வீடியோ, முழுசா.

ஹுமேராவுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "எப்பிடிக்கா?"

எப்பிடின்னா, அந்த மலையில டவர் எடுக்காது. பால் வண்டி ஓட்டற மாதவராஜ் தினமும் கீழ போறப்ப, சினிமாப் பாட்டு, சீரியல், செய்தி, யார் எது கேட்டாலும் தன் போன்ல இறக்கிக்கிட்டு வருவான். சாயங்காலம் பால் ஊத்தற இடத்துல நெட் இல்லாமயே போனுக்குப் போன் ஏத்தி விடுவான். அழிக்கிறதுக்கு முன்னாலயே இதுவும் மலை ஏறியாச்சு.

"ஆனா கமெண்ட் போடறதுக்கு இங்க வழியில்லையே கண்ணு. அதான் நாங்க எங்க பதிலையும் எடுத்து உன்னுதுக்குப் பின்னால ஒட்டி விட்டோம். நீ பாக்கலயா? வண்டியில வந்திருக்கும்னு நெனச்சோமே!"

வீடியோ முடிஞ்ச இடத்துல இன்னொண்ணு ஆரம்பிச்சுது. "என் பேரு சென்னம்மாள். போன வருசம் பாம்பு கடிச்சு எம் புருசன் போனாரு. அப்பவும் ஆஸ்பத்திரி பூட்டித்தான் இருந்துச்சு." அடுத்து தங்கம்மாள். அடுத்து, ஹுமேரா பேரே கேட்டிராத ஊர்லேர்ந்து ஒருத்தி, இடுப்புல பிள்ளையோட. ஒவ்வொருத்தியும் ஹுமேரா மாதிரியே நேரா நின்னு, பேரும் ஊரும் தேதியும் தெளிவாச் சொல்றா. கையில மைக்குக்குப் பதிலா ஒருத்தி கரண்டி, ஒருத்தி களைக்கொத்து. பதினேழு பேர்! பணம் கட்டல, டிக் வாங்கல, யார்கிட்டயும் அனுமதி கேக்கல. பால் கேன் போற ஊருக்கெல்லாம் அந்த வீடியோ போய், அங்க அங்க ஒரு ஆளைச் சேர்த்துக்கிட்டுத் திரும்பி வந்திருக்கு.

ஹுமேரா வரப்புல உக்காந்துட்டா. யா அல்லா, இத்தனை பேரான்னு மட்டும்தான் வாயில வந்துச்சு. தான்தான் இவங்களுக்காகப் பேசறோம்னு இத்தனை நாள் நெனச்சிருந்தா அவ.

"இது அத்தனையும் எனக்கு ஏத்தி விடுங்கக்கா. இன்னிக்கே கீழ போய்ப் போடறேன்."

"கேஸ் போடுவாங்களே? வூட்டுக்காரரு கடை?"

ஹுமேரா எந்திரிச்சு, முக்காட்டைச் சரி பண்ணி, தன் போனை பாஞ்சாலி கையில குடுத்தா. "சிவப்புப் பொட்டை அமுக்குங்கக்கா. அமுக்கிட்டுச் சொல்லுங்க."

"அமுக்கிட்டேன் கண்ணு."

"என் பேரு ஹுமேரா. ஊரு பாப்பிரெட்டிப்பட்டி. போன வெள்ளிக்கிழமை நான் ஒரு உண்மைய அழிச்சேன். அழிக்கச் சொன்னவர் பேரையும் இப்பச் சொல்றேன்."