சிறுமலைப் பழத்தின் விலை

டீசல் விலை குறைந்துவிட்டதாகக் காலையில் ரேடியோவில் சொன்னார்கள். பையைத் தூக்கிக்கொண்டு நேராக மொக்கைச்சாமி கடைக்குப் போனேன். டீசல் ஏறிவிட்டது என்று சொல்லித்தான் போன மாதம் சிறுமலை வாழைப்பழத்துக்கு விலையைக் கூட்டினார். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு கொடுத்துவிட்டு வந்த எரிச்சல் இன்னும் எனக்கு அடங்கவில்லை.

"டீசல் எறங்கிருச்சுல்லண்ணே, பழத்தையும் எறக்குங்க."

தார் அறுத்துக்கொண்டிருந்தவர் கடைக்குப் பின்னால் கட்டியிருந்த பொதிக்குதிரையைக் கத்தியாலேயே காட்டினார்.

"மலையிலேருந்து அது முதுகுலதான் பழம் வருது டீச்சரம்மா. குதிரை என்ன டீசலா குடிக்குது?"

"அப்ப போன மாசம் மட்டும் குடிச்சுச்சா?"

அவர் முகம் கறுத்தது.

"வாங்குனா வாங்குங்க. இல்லேன்னா நகருங்க."

நான் நகரவில்லை. எனக்குப் பின்னால் நின்ற அத்தனை பேரும் அதே விலை கொடுத்தவர்கள்தான். ஒருத்தராவது வாயைத் திறக்கட்டும் என்று நின்றேன்.

என் தோளுக்கு மேலே ஒரு கை பணத்தோடு நீண்டது.

"எனக்கு ரெண்டு சீப்பு குடுங்கண்ணே. பஸ் போயிரும்."