அடிவயிற்றில் ஒரு படி

விரல் வழுக்கிக்கொண்டே போய் அடிவயிற்றின் நடுவே இருக்கும் அந்தப் படியில் தட்டி நிற்கிறது, இன்னாசி செய்த பறக்கும் படகு அது, அந்தக் காலத்தில் பயணிகளை ஏற்றிக்கொண்டு கடலிலேயே இறங்கிக் கடலிலிருந்தே எழும்பிய விமானத்தின் சின்ன மர மாதிரி, ஒன்றரை முழத் தேக்கு, கவிழ்த்துப் போட்டிருக்கிறது, தடவிக்கொண்டிருப்பவன் கித்தேரியான், பட்டறையில் எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள், பாவி எங்கே கற்றான் இந்த வழுவழுப்பை, இரண்டு பேரும் ஒரே நாளில்தான் தூத்துக்குடித் தோணி வேலையை விட்டு இந்த மாதிரி செய்யும் பட்டறைக்கு வந்தார்கள், இன்னாசி இவன் பெண்டாட்டியின் தம்பி வேறு, என் தம்பி கைக்கு ஈடு உண்டா என்று சோறு போடும்போதெல்லாம் அவள் சொல்கிறாள், அந்தச் சோறு கித்தேரியானுக்கு இறங்குவதில்லை, ஆளுக்கொண்ணு செய்ங்க, தேறுறது காட்சிக்கூடத்துக்குப் போவும், செஞ்சவன் பேரப் பித்தளைத் தகட்டுல வெட்டிருவோம் என்று பட்டறைக்காரி பிலோமி அக்கா சொன்னாளே, அன்றிலிருந்து தூக்கமில்லை, முப்பது வருஷம் தோணி கட்டியும் ஒரு தோணியிலும் அவன் பெயர் ஏறியதில்லை, மாதா பெயர் ஏறும், முதலாளி மகள் பெயர் ஏறும், பார்த்துச் செய்யக் கொடுத்த வரைபடத்திலும் இந்தப் படி இருந்தது, வரைந்தவனுக்குக் கை பிசகியிருக்கும் என்று தன் படகை ஒரே இழைப்பாக இழைத்துவிட்டான், தோணியின் அடியில் நெல்லளவு மேடு இருந்தாலே மேஸ்திரி உளியைப் பிடுங்கிவிடுவாரே, முந்தாநாள் இன்னாசி வந்து நின்றான், அத்தான், ஒங்களதுல படியே இல்லயே, நானும் இழைச்சிரட்டுமா, வேண்டாம் மாப்ள, அப்படியே கெடக்கட்டும், அழகாத்தான இருக்கு, சொல்லும்போதே கித்தேரியானுக்கு உள்ளே குளுகுளுவென்றிருந்தது, நாலு பேர் முன்னால் அவன் அவமானப்படட்டும்.

காட்சிக்கூடத்து அம்மாள் வருகிறாள், இரண்டையும் கவிழ்த்துப் பார்க்கிறாள், கித்தேரியானுடையதைத் தடவிவிட்டு, இது எழும்பாதே என்கிறாள், வேகமாப் போறப்ப தண்ணி அடியோட ஒட்டிக்கும், இந்தப் படிதான் அத வெட்டிவிடும், படி இல்லாட்டி கடல் விடாது, கித்தேரியான் தன் படகை எடுத்து நிமிர்த்தி வைக்கிறான், அப்போதுதான் இன்னாசி முன்னால் வருகிறான், நானும் இழைச்சிருப்பேம்மா, எங்கத்தான்தான் வேண்டாம்னாரு, வெவரம் தெரிஞ்சே எனக்கு விட்டுக்குடுத்திருக்காரு, அவரு பேரயும் போடுங்க, மொதல்ல அவரு பேரு, கண் வேறு கலங்கியிருக்கிறது மடையனுக்கு, அப்படியில்லை என்று சொல்லத்தான் கித்தேரியான் வாயைத் திறக்கிறான், அதற்குள் பிலோமி அக்கா கை தட்டிவிடுகிறாள், திறந்த வாயை மூடிக்கொள்கிறான்.

இன்று இன்னாசியின் படகு கண்ணாடிப் பெட்டிக்குள் போகப்போகிறது, கடைசியாகத் துடைத்துவைக்க அவனிடம்தான் கொடுத்திருக்கிறார்கள், வீட்டில் பெண்டாட்டி சீலா மீன் வாங்கிவைத்துத் தம்பியையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாள், தம்பிக்கு இவ்வளவு செய்தவன் என்று காலையில் அவனை ஒரு மாதிரி பாசமாகப் பார்த்தாள், இந்த நல்ல மனசுகூட இன்னாசிக்குத்தானா வாய்க்க வேண்டும், விரல் வழுக்கிக்கொண்டே போகிறது, படியைத் தாண்டிவிடுகிறது, கீழே பித்தளைத் தகட்டில் முதலாவதாக வெட்டியிருக்கும் பெயரில் தட்டி நிற்கிறது, துடைக்கிறான், அழுத்தித் துடைக்கிறான், அது இன்னும் பளிச்சென்று தெரிகிறது.