ஆறிக்கொண்டிருந்த மீன்

"எனக்கு ஒரு காலித் தொட்டி வேணும்."

நான் கடையில் வேலைக்குச் சேர்ந்த அன்றே அப்பா எச்சரித்திருந்தார். முதலாளியிடம் லீவு கேள், முன்பணம் கேள், காலித் தொட்டி மட்டும் கேட்டுவிடாதே. விற்க மீன் இல்லாமல் நிற்கும் தொட்டி அவருக்கு வாடகை தராமல் உட்கார்ந்திருக்கும் குடித்தனக்காரன் மாதிரி. அப்பா அந்தக் கடையில் தொட்டிகளுக்குக் கடல்நீர் மாற்றுபவர். என்னை அங்கே சேர்த்துவிட்டவரும் அவர்தான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மீன்வளம் படித்தேன். "படிச்சுட்டு மீன் கடையிலயா?" என்று சொந்தக்காரர்கள் சிரித்தபோது, "வளர்ப்பு மீன் கடை" என்று அம்மா திருத்தினாள். அதற்கும் சிரித்தார்கள்.

"எதுக்கு டாக்டரம்மா காலித் தொட்டி?" முதலாளி எனக்கு வைத்த பட்டப்பெயர் அது. "நீங்க இறங்கி நீச்சல் பழகவா?"

நீலமும் மஞ்சளுமாக இருந்த பெரிய ஏஞ்சல் மீனைக் காட்டினேன். துடுப்புகளின் ஓரத்தில் காலிபிளவர் துண்டுகளை ஒட்டவைத்தது போல வெள்ளைக் கட்டிகள்.

"இது வைரஸ். மருந்து கிடையாது. கூட்டத்துல அடிபடாம, நல்ல தண்ணியில, நல்ல தீனியோட தனியா விட்டா தானா உதிர்ந்துடும். கொஞ்ச வாரம் ஆகும்."

"மருந்து இல்லைன்னு சொல்றதுக்கா இத்தனை வருஷம் படிச்சீங்க?"

கடையின் வைத்தியம் வேறு. எந்த நோய் வந்தாலும் எல்லாத் தொட்டியிலும் நீல மருந்து. இந்தக் கட்டிக்கு மட்டும் நகவெட்டி. விற்கிற அன்று ஈரத்துணியில் மீனைச் சுற்றிப் பிடித்து, கட்டிகளை நறுக்கிவிட்டுப் பையில் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். கடையில் அதற்குப் பெயர் 'ஷேவிங்'. வாங்கிப் போனவர் வீட்டில் காயம் சீழ் பிடிக்கும். இல்லையென்றால் கட்டி மறுபடி முளைக்கும். போன் வந்தால் முதலாளி தயாராக வைத்திருக்கும் பதில்: "உங்க தண்ணி சரியில்லைங்க." ஷேவிங்கில் கை தேர்ந்தவர் அப்பா.

அன்று நான் விடவில்லை. தொட்டி தராவிட்டால் வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் இது நோயுள்ள மீன் என்று சொல்வேன் என்றேன். பின்னால் பக்கெட்டோடு நின்ற அப்பாவுக்கு மூச்சே நின்றிருக்கும். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சரி, எடுத்துக்கோங்க. ஆறலைன்னா உங்க அப்பாவைத்தான் கேட்பேன்."

தொட்டியைச் சுற்றிக் கறுப்புத் தாள் ஒட்டினேன். ஒளிந்துகொள்ளக் கல் அடுக்கினேன். இறால் சதையில் பூண்டுச் சாறு ஊறவைத்து வேளைக்குக் கொடுத்தேன். ஒரு சொட்டு மருந்தும் ஊற்றவில்லை. முதலில் கல்லுக்குப் பின்னாலேயே கிடந்த மீன், பிறகு என் கை நிழலைக் கண்டாலே முன்னால் வந்தது. வால் ஓரத்துக் கட்டி உதிர்ந்தது. மார்புத் துடுப்பில் இருந்தது பாதியாகச் சுருங்கியது. வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். "ம்" என்றார். அவர் முகத்தில் சந்தோஷத்தைவிடக் கவலைதான் இருந்தது.

பல் டாக்டர் ஒருவர் தன் கிளினிக்கின் காத்திருப்பு அறைக்கு மீன் கேட்டு வந்தபோது நான் சாப்பிடப் போயிருந்தேன். திரும்பி வந்தால் கறுப்புத் தாளைக் கிழித்துவிட்டு அவரும் முதலாளியும் என் தொட்டி முன்னால் நின்றார்கள்.

"வாங்க டாக்டரம்மா! அசத்திட்டீங்க. சார், இவங்க பட்டம் வாங்கினவங்க. இந்த மீனை இவங்களே வைத்தியம் பார்த்துத் தேத்தினாங்க. ஒரு கட்டி இருக்கா பாருங்க!"

கட்டி இல்லைதான். கட்டி இருந்த இடங்களில் துடுப்பு நேர்கோடாக வெட்டுப்பட்டிருந்தது. ஓரத்தில் சிவப்பு. மீன் கல் இடுக்கில் தலையைச் சொருகிக்கொண்டு மூச்சிரைத்தது. அப்பாவைப் பார்த்தேன். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார், இது ஆறலை. இப்பதான் வெட்டியிருக்காங்க. எடுத்துட்டுப் போகாதீங்க. வைரஸ் அப்படியே இருக்கு, இப்போ காயம் வேற."

பல் டாக்டர் குழம்பினார். முதலாளி குழம்பவில்லை. அப்பா பக்கம் திரும்பினார்.

"ஏம்ப்பா, வெட்டினீங்களா?"

"இல்லைங்க," என்றார் அப்பா. "பாப்பா பார்த்த வைத்தியத்துலதான் ஆறிச்சு. அதுக்கு வேலையில கொஞ்சம் பயம் ஜாஸ்தி, அதான் இப்படிப் பேசுது."

"பெத்தவரே சொல்றாரு. அப்புறம் என்ன சார்?" முதலாளி சிரித்தார். பல் டாக்டருக்கும் நிம்மதியாகச் சிரிப்பு வந்தது. பையில் காற்று நிரப்பி வாயைக் கட்டினார்கள். இனி வெட்டிய மீனையெல்லாம் என் பட்டத்தைச் சொல்லியே விற்பார்கள் என்று எனக்கு அந்த நொடியே தெளிந்துவிட்டது.

அப்பா என்னைப் பின்கட்டுக்கு இழுத்துப் போனார்.

"உனக்காகத்தான்மா செஞ்சேன். அந்தப் பல் டாக்டர் முன்னாடி வேற மீன் பார்த்துட்டு நிக்கிறாரு, மீன்ல இன்னும் ரெண்டு கட்டி தொங்குது. உன் படிப்பை வெச்சு முதலாளி கேலி பண்ணுவாரேன்னுதான். இப்ப பாரு, எல்லார் முன்னாடியும் உன்னைப் பெருமையா சொல்லிட்டாரு."

"ரெண்டுதான்ப்பா இருந்துச்சு. அதுவும் சுருங்கிட்டு இருந்துச்சு."

"சுருங்குறது யார் கண்ணுக்குத் தெரியும்?"

"நான் நிஜத்தைச் சொன்னேன். என்னைப் பயந்தாங்கொள்ளின்னு சொன்னீங்க."

"வேற என்னம்மா சொல்றது? எனக்கும் இங்கதானே சோறு."

கடைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். என் கைப்பையை எடுத்துக்கொண்டேன்.

முன்பக்கம் முதலாளி, "டாக்டரம்மா, நாளைக்குப் புது லோடு வருது. அதுலயும் கட்டி இருக்கும். உங்க வைத்தியத்தை ஆரம்பிச்சுடுங்க," என்றார்.

"வெட்டுறதுக்கு உங்களுக்கு ஆள் இருக்கு. என் பேரைச் சொல்லி வித்தீங்கன்னா, வாங்கினவங்க வீட்டுக்கே போய்ச் சொல்லுவேன்."

"ஏம்ப்பா, பொண்ணு என்ன பேசுது?"

அப்பா என்ன சொன்னார் என்று கேட்க நான் நிற்கவில்லை. எதிர்ச்சாரியில் பல் டாக்டர் காரின் கதவைத் திறந்து, மீன் பையைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டிருந்தார். சாலையைக் கடந்தேன். மீனை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ள, அவர் கிளினிக் எங்கே என்று முதலில் கேட்க வேண்டும்.