அக்காவுக்குச் சரி, தம்பிக்கு முடியாது

அக்காவும் தம்பியும் சேர்ந்து நடத்திய டிரைவிங் ஸ்கூலில் அலுவலகமும் வகுப்பறையும் ஒரே அறைதான். சுவர் கொள்ளாமல் சாலைக் குறியீட்டுப் படங்கள். உட்காருவதற்குக் கைப்பிடி இல்லாத பெஞ்சுகள். கைப்பிடி வைத்த நாற்காலி வாங்குவதை அவர்கள் எப்போதோ விட்டுவிட்டார்கள். எழுந்திருக்கும்போது அதுவும் கூடவே எழுந்து வந்துவிடும் என்பான் தம்பி.

அக்கா பாடம் எடுப்பாள். தம்பி வண்டியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஓட்டக் கற்றுக்கொடுப்பான். மாணவர்கள் அவனுக்கு 'டேங்கர்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அது அவன் காதுக்கும் எட்டியது. "காலி டேங்கரா, லோடு டேங்கரா?" என்று வகுப்பில் நின்று கேட்டான். அன்றோடு அந்தப் பெயரில் இருந்த கிண்டல் போய்ப் பிரியம் வந்து ஒட்டிக்கொண்டது.

உடம்பு அந்தக் குடும்பத்துக்கு வழிவழியாக வந்தது. அப்பாவும் அப்படித்தான் இருந்தார். நாற்பதைத் தாண்டிக் கொஞ்ச நாளிலேயே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அக்காவும் தம்பியும் பார்க்காத வைத்தியமில்லை, கிடக்காத பட்டினியில்லை. கொஞ்சம் இளைப்பார்கள், ஊரே மெச்சும். அடுத்த வருடம் போனதெல்லாம் வட்டியோடு திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். இருவருக்கும் கல்யாணம் கூடிவரவில்லை. அம்மா போனபிறகு அதைப் பற்றிப் பேசவும் வீட்டில் ஆளில்லை.

ஒரு நாள் வண்டியில் சீட் பெல்ட் கொக்கி வரை எட்டவில்லை. தம்பி மூச்சை இழுத்துப் பிடித்துப் பார்த்தான், திரும்பி உட்கார்ந்து பார்த்தான், ஒன்றும் நடக்கவில்லை. புதிதாகச் சேர்ந்த பெண் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். கவனிக்காததுபோல் இருக்க அவள் பட்ட பாடுதான் அவனைக் கூனிக்குறுக வைத்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டான். "அக்கா, இரைப்பையைச் சின்னதாக்குற ஆபரேஷன் இருக்குல்ல, அதைப் பண்ணிக்கலாமா? ரெண்டு பேரும்?"

"பயமா இல்லையாடா?"

"இருக்கு. அதான் உன்னையும் கூப்பிடறேன்."

பிறகு இருவரும் பள்ளிக்கூடம் போவதுபோல் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார்கள். ரத்தம் கொடுத்தார்கள், குழாயில் ஊதினார்கள், இதயத்தைப் படம் எடுத்துக்கொண்டார்கள். மனநல ஆலோசகர் வேறு உட்காரவைத்துப் பேசினார். "மனசு சரியா இருக்காம், அது மட்டும்தான் ஒல்லியா இருக்காம்" என்று வெளியே வந்து தம்பி சொல்ல, அக்கா சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்தாள்.

எல்லாம் முடிந்து சர்ஜன் இருவரையும் ஒன்றாகக் கூப்பிட்டார். அதிர்ந்து பேசாத பெண்மணி.

"உங்க வயசு, எடை, சர்க்கரை, இதயம், பழைய வியாதி எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல போட்டிருக்கோம். உங்களை மாதிரி இருந்து ஆபரேஷன் பண்ணிக்கிட்ட ஆயிரக்கணக்கான பேருக்கு என்ன ஆச்சுன்னு அதுக்குத் தெரியும். அதை வச்சு உங்களுக்கு எவ்வளவு ஆபத்துன்னு கணிச்சுச் சொல்லும்" என்றவர், முதலில் அக்காவைப் பார்த்தார். "உங்களுக்கு ரொம்பக் குறைச்சல். தாராளமாப் பண்ணலாம்."

அக்காவுக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு நிம்மதி கிளம்பியது. அது நெஞ்சுக்கு வருவதற்குள் சர்ஜன் தம்பி பக்கம் திரும்பிவிட்டார். 

"உங்களை மாதிரி ஏழு பேருக்குப் பண்ணினா, ஒருத்தர் உயிரோட திரும்ப மாட்டார்னு வருது. முன்னாடி கால்ல ரத்தம் கட்டியிருக்கு, இதயம் பலவீனமா இருக்கு, தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருது. மயக்க மருந்து கொடுக்கற டாக்டரும் முடியாதுன்னுட்டார்."

"மிச்சம் ஆறு பேர்ல நான் ஒருத்தனா இருக்கலாமே, டாக்டர்?"

"இருக்கலாம். நீங்க அந்த ஏழுல எந்த ஆள்னு அது சொல்லாது. யாராலயும் சொல்ல முடியாது."

"சரி, நான் இப்போ என்ன பண்ணணும்?"

"கொஞ்சம் எடையைக் குறைச்சுட்டு வாங்க. ராத்திரி மூச்சுக்கு மெஷின் தர்றோம். அப்புறம் மறுபடி பார்க்கலாம்."

"எடையைக் குறைக்க முடியலைன்னுதானே டாக்டர் இங்க வந்தேன்?" என்று சொல்லிச் சிரித்தான். அவன் ஒருவன்தான் சிரித்தான்.

திரும்பி வரும் வழியில் அக்கா, "எனக்கும் வேணாம்டா. போனா ரெண்டு பேரும் போவோம், இல்லேன்னா இருக்கற மாதிரியே இருப்போம்" என்றாள்.

அவன் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினான். அவன் கோபப்பட்டு அவள் பார்த்ததே இல்லை. "எனக்குத் துணையா நீயும் சாகப் போறியா? நல்லா இருக்கு நியாயம்! நீ பண்ணிக்கலேன்னா நான் உன்கூடப் பேசவே மாட்டேன்." சொன்னபடியே ஒரு வாரம் பேசவில்லை. அவளால் அந்த மௌனத்தைத் தாங்க முடியவில்லை. சரி என்றாள்.

ஆபரேஷன் சிக்கலில்லாமல் முடிந்தது. அவள் கண் விழித்தபோது தம்பி கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். வார்டில் இருந்த நாற்காலி அவனுக்குப் போதவில்லை. "எப்படிக்கா இருக்கு?" என்றான். கண்ணெல்லாம் சந்தோஷம். அதில் துளி பொறாமை தெரிந்திருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வீடு திரும்பியதும் அவனும் முழுமூச்சாக இறங்கினான். சிகரெட்டை விட்டான். முகத்தில் மாட்டும் மூச்சு மெஷினோடு தூங்கப் பழகினான். காலையில் பார்த்தால் மூக்கைச் சுற்றி வார் அழுத்திய தடம் சிவந்திருக்கும். சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்காருவார்கள். அவளுக்கு நாலு ஸ்பூன் சூப்போடு வயிறு அடைத்துவிடும். அவன் வேகவைத்த காய்கறியைப் பசியோடு பார்த்துப் பார்த்து மெல்லுவான். அவளால் சாப்பிட முடியவில்லை, அவன் சாப்பிடக் கூடாது. "இந்த வீட்டுக்கு எதுக்கு அடுப்பு?" என்பான்.

அவள் இளைத்துக்கொண்டே வந்தாள். தெரிந்தவர்கள் வழியில் நிறுத்தி, "அடேயப்பா, ஆளே மாறிட்டீங்களே!" என்றார்கள். அவர்கள் கண் அடுத்த நொடி தம்பி பக்கம் போகும், உடனே நழுவும். அவனும் இளைக்காமல் இல்லை. ஏமாற்றவில்லை, ஒளித்து வைத்துத் தின்னவில்லை. பிழிந்தெடுத்ததுபோல் ஒவ்வொரு கிலோவாக இறங்கியது. சர்ஜன் கேட்ட அளவை அவன் எட்டிய அன்று, எடை மெஷினிலிருந்து இறங்கவே மனமில்லாமல் நின்றான்.

மறுபடி எல்லாப் பரிசோதனையும் நடந்தது. மறுபடி அதே அறை. சர்ஜன் ரிப்போர்ட்டுகளை மூடி ஓரமாக வைத்தார்.

"நீங்க செய்ய வேண்டியதை எல்லாம் செஞ்சுட்டீங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்லை" என்றார். "ஆனா இதயம் இன்னும் பலவீனமாயிருக்கு. எடை குறைஞ்சும் ஆபத்து ஏறியிருக்கு. இப்போ அஞ்சு பேர்ல ஒருத்தர்னு சொல்லுது."

அக்காவால் பொறுக்க முடியவில்லை. "எல்லாத்தையும் விட்டுட்டான் டாக்டர். நீங்க சொன்னதை எல்லாம் கேட்டான். அதைக் கம்ப்யூட்டர்ல போட்டீங்களா?"

"போட்டோம்மா."

தம்பி அக்காவின் கையைத் தட்டிக்கொடுத்தான். பிறகு, "டாக்டர், ஆபரேஷன் பண்ணினா அஞ்சுல ஒண்ணு. சரி. பண்ணாம விட்டா எத்தனையில ஒண்ணு?" என்று கேட்டான்.

சர்ஜன் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தக் கணக்கு இதுல இல்லை."

"நீங்க உங்க அனுபவத்துல சொல்லுங்களேன்."

"நல்லா இருக்காது" என்றார் அவர் மெதுவாக. "அதுக்காக, என் டேபிள்லயே உங்க உயிர் போக நான் கத்தி எடுக்க முடியாது. எனக்கும் வேற வழி தெரியலை. மாத்திரை மாத்தித் தர்றேன். இதய டாக்டர்கிட்ட அனுப்பறேன்."

அவர் பொய் சொல்லவில்லை, கைகழுவவும் இல்லை. யாரையாவது திட்டலாம் என்று அக்காவுக்கு வாய் துறுதுறுத்தது. திட்ட அங்கே ஆளில்லை. அவள் விடாமல் இன்னொரு ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போனாள். அங்கே வேறு கம்ப்யூட்டர், வேறு டாக்டர். ஐந்து என்பதற்குப் பதிலாக ஆறு என்றார்கள், முடியாது என்பதை மட்டும் அதே வார்த்தையில் சொன்னார்கள்.

அதற்குப்பின் அவனால் வண்டியில் ரொம்பநேரம் உட்கார முடியவில்லை. கால் வீங்கியது. வேலையை மாற்றிக்கொண்டார்கள். அவன் அறையில் குறியீடுகளைச் சொல்லிக்கொடுத்தான், அவள் வண்டியில் போனாள். சீட் பெல்ட் அவளுக்கு இப்போது இரண்டு கை நீளம் மிச்சமிருந்தது. அதை இழுத்து மாட்டும்போதெல்லாம் எதையோ திருடிக்கொண்டதுபோல் அவளுக்குக் குறுகுறுத்தது.

ஒரு பகல்வேளையில் அவள் மாணவி ஒருத்தியோடு கிளம்பத் தயாராக வண்டியில் இருந்தாள். கடைக்குப் போயிருந்த தம்பி திரும்பி வந்தான். வாசலில் நான்கே படிகள். இரண்டாவது படியில் நின்றுவிட்டான். கைப்பிடிக் கம்பியைப் பிடித்து, குனிந்து, வாய் திறந்து மூச்சு வாங்கினான். அக்கா கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். ஓட முடிந்தது அவளால். பக்கத்தில் போய் நின்றபிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. முதுகில் கை வைத்தாள். சட்டை நனைந்திருந்தது.

"ஒண்ணுமில்லக்கா. சும்மா நிக்கறேன்."

"உள்ள வந்து உக்காருடா."

"வர்றேன். நீ போ, அந்தப் பொண்ணு காத்துக்கிட்டு இருக்கு."

அவள் போகவில்லை. அவனும் மேலே ஏறவில்லை. மாணவி இஞ்சினை அணைக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போக்கா" என்றான் அவன் மறுபடி, மூச்சுக்கு நடுவே. "நீ நின்னா மட்டும் என்ன ஆகப்போகுது?"

 அவள் கையை எடுக்காமல் அங்கேயே நின்றாள்.