வச்சிருங்க

காற்று அடியில் புகுந்து அந்தச் சாம்பல் நிறக் கவர் உப்புகிறது, அடங்குகிறது, மறுபடி உப்புகிறது, முற்றத்தில் ஏதோ ஒன்று படுத்து மூச்சு விடுவதைப் போல, உள்ளே இருப்பது என் தம்பி பிரிட்டோவின் பைக்தான், நானே மூடினேன், நாடாவை நானே கட்டினேன், ஆனாலும் அடுப்படி ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கும்போதெல்லாம் அது அதற்கு முன்பிருந்தே என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததாகத் தோன்றுகிறது, தூத்துக்குடிக் காற்றுக்குக் கை உண்டு, கொடித் துணியை உருவும், தாழ்ப்பாளை ஆட்டும், அவன் விழுந்த அன்றும் காற்று என்றுதான் சொன்னான், எக்கா, காத்து தள்ளிட்டு, வேற ஒண்ணுமில்ல, உப்பளச் சாலையோரம் குவித்திருந்த உப்பின் மேல் போய் விழுந்திருக்கிறான், தலைமுதல் கால்வரை வெள்ளையாக வாசலில் நின்று சிரித்தான், என்னயக் கருவாடு போட்டுட்டாங்க எக்கா, கழுவிக் கொழம்பு வையி, நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே பார்த்தேன், உதட்டோரம் உப்பு சிவந்திருந்தது, நாக்கைக் கடித்திருந்தான், காற்று தள்ளி விழுகிறவன் நாக்கைக் கடிப்பதில்லை.

மதுரை ஆஸ்பத்திரிக்கு அம்மா கூட்டிப்போனாள், தலையில் வயர் ஒட்டிப் பார்த்தார்கள், வலிப்பு என்றார் டாக்டர், மாத்திரை பிடிபடும்வரை வண்டியைத் தொடக்கூடாது, அம்மா போனில் அழ, பின்னாலிருந்து பிரிட்டோவின் குரல், அந்த ஆளுக்கு வண்டி ஓட்டத் தெரியாதும்மா, பொறாமை, பிறகு போனை வாங்கி என்னிடம் மட்டும் மெதுவாக, எக்கா, என் வண்டிய வெயில்ல போட்றாத, சனிக்கிழம வந்துருவேன். சாவியை ஒளித்தால் வயரைப் பிணைத்து ஓட்டுவான், வண்டியே இல்லாவிட்டால்? இந்தக் கேள்வி எனக்குள் எழுந்ததா, கனவில் யாரும் கேட்டார்களா, தெரியவில்லை, கவரை நீக்கிப் படம் எடுத்து, பழைய வண்டி விற்கிற ஆப்பில் போட்டேன். கோவில்பட்டி இசக்கிராஜ் முதலில் வந்தான், வந்தான் என்றால் போனில், முகத்துக்குப் பதில் ஒரு வேல் படம், நான் எடுத்துக்கிறேன்க்கா, வேற யாருக்கும் குடுத்துறாதீங்க, வெள்ளிக்கிழம வந்து ஓட்டிட்டுப் போயிருதேன். அன்றே விளம்பரத்தை எடுத்துவிட்டேன். அதற்கு முன்பே விளம்பரத்தைப் பார்த்திருந்த ராயப்பன், மீன் ஏலக்கூடத்தில் வேலை செய்கிறவர், மறுநாள் வாசலில் வந்து நின்றார், தங்கச்சி, ரொக்கமாக் கொண்டாந்திருக்கேன், இப்பவே எடுத்துக்கிறேன், ஒருத்தருக்குச் சொல்லியாச்சே அண்ணே என்றேன், யாரு, தெரிஞ்ச ஆளா, இல்லண்ணே, முகம் பாத்ததில்ல, முகம் பாக்காதவனுக்கு என்ன தங்கச்சி வாக்கு, சொன்னது சொன்னதுதானண்ணே, ஏலம் கைவிட்டுப் போன மீனைப் பார்ப்பதுபோல வண்டியை ஒருதரம் பார்த்துவிட்டு அவர் நடக்கிறார், இப்போதும் அந்த முதுகு தெருமுனை திரும்புவதைப் பார்க்கிறேன், கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான்.

வியாழக்கிழமை இசக்கிராஜ் கூப்பிட்டான். ஆர்சி யாரு பேர்லக்கா இருக்கு. தம்பி பேர்ல. அப்ப அவரு கையெழுத்து வேணும்லா. அவன் ஊர்ல இல்ல, நானே போட்டுத் தாரேன், அவன் கையெழுத்து எனக்கு அப்படியே வரும். அந்தப் பக்கம் ஒரு மிக்சி ஓடி நின்றது. விக்கிறது அவருக்குத் தெரியுமாக்கா. பொய் சொல்லியிருக்கலாம், ஆனால் வாங்குகிறவனிடம் மறைத்து விற்றால் அந்த வண்டி அவனையும் எங்காவது தள்ளும் என்று ஒரு பயம், எல்லாவற்றையும் சொன்னேன், உப்பு, நாக்கு, டாக்டர், சனிக்கிழமை, கேட்டுக்கொண்டே இருந்தான், எனக்கும் தம்பி இருக்கான்க்கா என்றான், அவன் செருப்ப நான் மாட்டிட்டுப் போனாலே வீடு ரெண்டாகிரும், சிரித்தான், பிறகு, சரிக்கா, வச்சிருங்க. வச்சிருக்கேன் தம்பி என்றேன், போனை வைத்தேன், அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை வண்டியைக் கழுவினேன், சக்கரக் கம்பிகளுக்கிடையே இறுகியிருந்த உப்பைப் பழைய பிரஷ்ஷால் தேய்த்தேன், தெருமுனை மெக்கானிக் வந்து காற்றடித்து, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தான், கோவில்பட்டிவரை போகவேண்டுமே என்று பெட்ரோலும் வாங்கி ஊற்றச் சொன்னேன், விக்கிற வண்டிக்கு யாராவது பெட்ரோல் போடுவாங்களாக்கா, கட்டிக்குடுக்கிற பொண்ணு மாதிரில்லா அனுப்புத, கேலி செய்தான், அரிசி டின்னில் புதைத்திருந்த சாவியை எடுத்து வண்டியிலேயே செருகினேன், வருகிறவன் நின்று யோசிக்கக் கூடாது, ஏறி உட்கார்ந்து போய்விடவேண்டும், அதற்காகத்தான். அவன் வரவில்லை. செய்தி அனுப்பினேன், படித்துவிட்டதாக நீலக்கோடு விழுந்தது, பதில் இல்லை, இருட்டியதும் சாவியை எடுக்காமலே கவரை மறுபடி போட்டுக் கட்டினேன், உட்கார்ந்தபடியே கண் அசந்தபோது முகமில்லாத ஒருவன் வந்து வண்டியை எடுக்கிறான், போகிற வழியெல்லாம் வண்டியிலிருந்து உப்பு கொட்டி எங்கள் வாசலிலிருந்து வெள்ளையாக ஒரு கோடு நீள்கிறது, நான் அதைப் பிடித்துக்கொண்டே நடக்கிறேன், ஓரிடத்தில் கோடு சிவக்கிறது, விழித்தபோது முற்றத்தில் கவர் உப்பி அடங்கிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை குழம்பு கொதிக்கும்போது நானே கூப்பிட்டேன். எப்ப தம்பி வார. அக்கா, நான்தான் அன்னிக்கே சொல்லிட்டேனே. என்ன சொன்ன. வச்சிருங்கன்னு சொன்னேன்லா. ஆமா, வச்சிருக்கேன், யாருக்கும் குடுக்கல. ஐயோ, அப்படி இல்லக்கா, நீங்களே வச்சிருங்கன்னு சொன்னேன், உங்க தம்பி வந்து அவரு கையால சாவியத் தந்தா இப்பவே பஸ் ஏறுதேன், அவருக்குத் தெரியாம எடுத்தா அது களவுல்லாக்கா. வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல தம்பி, ராயப்பண்ணன் வீடு தேடி வந்தாரே. நீங்க அழுதிட்டு இருந்தீங்க, வேண்டாம்னு சொல்ல வாய் வரலக்கா. நான் அழுதேனா, அது எனக்கு நினைவிலேயே இல்லை, அவன் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை, அவன்மேல் கோபப்பட ஒரு இடம் தேடுகிறேன், கிடைக்கவில்லை, களவு என்ற சொல் மட்டும் காதில் நிற்கிறது, என்னக்கா, இருக்கீங்களா என்று அவன் கேட்கும்போதே வாசலில் ஆட்டோ நிற்கிறது.

பிரிட்டோ இறங்கினான், முகம் மெலிந்து கண் மட்டும் பெரிதாக, அம்மா ஆட்டோக்காரனோடு பேசிக்கொண்டிருக்க அவன் நேராக முற்றத்துக்குப் போய் நாடாவை அவிழ்த்தான், கவரை உருவி எறிந்தான், வண்டி மின்னியது, டயரை அமுக்கிப் பார்த்தான், வண்டியை ஆட்டினான், டாங்கில் பெட்ரோல் அலம்பியது, சாவியைப் பார்த்தான், நிமிர்ந்து ஜன்னலில் என்னைப் பார்த்தான், எக்கா, எனக்காகவா எல்லாம், நீ ஒருத்திதான் என்னய நம்புத, மத்தவன்லாம் சீக்காளின்னு முடிவு பண்ணிட்டான். இல்லை, உனக்கில்லை, உனக்குத் தெரியாமல் விற்கப் பார்த்தேன், இறங்கு, இவற்றில் எதைச் சொல்லியிருந்தாலும் போதும், வேண்டாம் என்பது எவ்வளவு சின்னச் சொல், வாய் வரவில்லை, அவன் முகம் அப்படி மலர்ந்து பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது, அம்மா பையைப் போட்டுவிட்டு, ஏலே, இறங்குலே, என்று ஓடிவந்தாள், அவன் உதைக்கவேண்டியிருக்கவில்லை, விரல் பட்டதும் வண்டி எழுந்துகொண்டது, பீச் ரோட்டுல ஒரே ஒரு ரவுண்டும்மா, வாரேன், எக்கா, கொழம்பு வாசம் தெருவரைக்கும் வருது, விளமீன் துண்டு ரெண்டு எனக்கு எடுத்து வச்சிரு.

எடுத்து வைத்திருக்கிறேன், தட்டு போட்டு மூடி, குழம்பின் மேல் எண்ணெய் ஆடை கட்டிவிட்டது, வெயில் சுவரை விட்டு இறங்குகிறது, அம்மா வாசல்படியில் ஜெபமாலையை உருட்டுகிறாள், உதடு அசைகிறது, சத்தம் இல்லை, தெருவில் எந்த வண்டி வந்தாலும் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நிமிர்கிறோம், அது கடந்து போகிறது, அவன் எறிந்த இடத்திலேயே கவர் கிடக்கிறது, காற்று அடியில் புகுகிறது, உப்புகிறது, ஸீட்டின் வளைவு வருகிறது, ஹேண்டிலின் இரண்டு கொம்புகள் வருகின்றன, உள்ளே வண்டி இருப்பதுபோலவே எழுந்து ஒரு கணம் நிற்கிறது, அடங்குகிறது, நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறேன், மறுபடி உப்பவில்லை.