தொண்ணூறு நிமிடக் கடற்கரை

கடற்கரைக்குப் போகிறவன் எதற்கு இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையை எடுத்து வைக்கிறான்?

நோரீனுக்கு முதல் உறுத்தல் அங்கேதான் விழுந்தது. இருபத்து மூன்று வருடக் குடித்தனத்தில் டுவேன் அந்தச் சட்டையைப் போட்டு அவள் பார்த்தது இரண்டு கல்யாணத்திலும் ஒரு சாவிலும்தான்.

"மணல்ல கசங்காதா அது?" என்றாள்.

"ஒரு நாளாவது உன்னை நல்ல இடத்துக்குச் சாப்பிடக் கூட்டிட்டுப் போக வேண்டாமா?"

இரண்டாவது உறுத்தல். கூப்பன் இல்லாமல் பீட்சாகூட வாங்காத மனிதன். டேட்டன் ஊரில் பாதி வீடுகளின் ஹீட்டரையும் ஏசியையும் பழுது பார்ப்பவன், சொந்த வீட்டு ஹீட்டரை நவம்பர் வரை போட விடமாட்டான். அவன் திடீரென்று போன வாரம் சாப்பாட்டு மேஜையில் அறிவித்திருந்தான்: "அக்டோபர்ல உன் ஸ்கூலுக்கு லீவு வருதில்ல? மிர்ட்டில் பீச். நாலு நாள். கடலைப் பார்த்த ரூம். பெட்ரோலுக்கு மட்டும்தான் காசு."

"ரூமுக்கு?"

"அதை நான் பார்த்துக்கறேன். நீ சும்மா காலை நீட்டி உட்கார்ந்தா போதும்."

நோரீன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். கடைசிக் குழந்தை இறங்கிய பிறகும் பின் சீட் வரை நடந்து, ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் குனிந்து பார்க்காமல் அவளால் வண்டியை விட்டு இறங்க முடியாது. அந்தப் பழக்கம் வீட்டிலும் ஒட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்துத் துணி காயப்போடும்போது, கார் ஷெட்டின் கதவுக்குப் பின்னால் டுவேனின் குரல் கேட்டது. போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான்.

"வருவா மேடம், கண்டிப்பா வருவா. இல்ல, அவகிட்ட இன்னும் சொல்லல. சொன்னா வரமாட்டா. தொண்ணூறு நிமிஷம்தானே? அதுக்குள்ள முடிஞ்சிடும்ல?"

ஈரத் துண்டு அவள் கையிலேயே நின்றது. எது முடிந்துவிடும்?

அன்று இரவுச் சாப்பாட்டில் அவன் சாதாரணமாகக் கேட்டான்: "உன் லைசென்ஸ் பத்திரமா இருக்கா? அதுல நம்ம வீட்டு அட்ரஸ்தானே இருக்கு?"

"ஏன்?"

"சும்மாதான். ஹோட்டல்ல கேப்பாங்க. போன தடவை மாதிரி தொலைச்சிடப்போற."

தொலைத்தது உண்மைதான். இரண்டரை வருடம் முன்பு, ஏப்ரலில், டுவேன் கம்பெனிப் பயிற்சிக்காகக் கொலம்பஸ் போயிருந்த வாரம். வீடெல்லாம் தலைகீழாகத் தேடிவிட்டு, தனியாகப் போய் மூன்று மணி நேரம் வரிசையில் நின்று புது லைசென்ஸ் வாங்கினாள்.

அவன் தூங்கப் போனதும் இழுப்பறையைத் திறந்து ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் படித்தாள். அவள் போனால் பணம் அவனுக்கு. அதில் புதிதாக எதுவும் இல்லை. ஆனாலும் இரண்டு முறை படித்தாள்.

மறுநாள் தங்கை ட்ரூடியின் வீட்டுக்குப் போனாள். ட்ரூடி அழகு நிலையம் வைத்திருப்பவள், விவாகரத்தானவள், அக்காவை விட இரண்டு வயது இளையவள். பார்ப்பவர்கள் இரட்டையரா என்று கேட்காமல் விடமாட்டார்கள். அதே மூக்கு, அதே மோவாய்.

"பெட்டி ஒண்ணு கொடுடி. என்னுது பட்டை அறுந்துபோச்சு. அந்த நீலப் பெட்டி இருக்கே, கடல்குதிரை போட்டது, சர்ச் குலுக்கல்ல விழுந்ததுன்னியே?"

"எங்க போற?"

"டுவேன் மிர்ட்டில் பீச் கூட்டிட்டுப் போறானாம்."

ட்ரூடியின் காப்பிக் கோப்பை பாதி வழியில் நின்றது. "எந்த ஹோட்டலு?"

நோரீன் பெயரைச் சொன்னாள். தங்கையின் தோள்கள் மெல்ல இறங்கின. "கேள்விப்பட்டதில்ல. ஆனா அக்டோபர்ல அங்க புயலடிக்கும்க்கா. பேசாம ஏரிப்பக்கம் எங்கயாவது போங்களேன்."

"டுவேன் போக்கே சரியில்லடி. யாரோ ஒரு பொம்பளகிட்ட ஒளிஞ்சு ஒளிஞ்சு பேசறான். எனக்குத் தெரியக் கூடாதாம்."

"பொம்பளையா? யாரு?" ட்ரூடி கேட்ட வேகத்தில் நோரீனே ஒரு கணம் திடுக்கிட்டாள். ட்ரூடி உடனே சிரித்தாள். "உன் புருஷனை எவ சீண்டுவா? பாதி பில்லை அவளையில்ல கட்டச் சொல்லுவான்!"

"பெட்டி?"

"சக்கரம் உடைஞ்சு கிடக்குக்கா. வேற யார்கிட்டயாவது கேளு."

நோரீன் அலமாரி உச்சியில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். நான்கு சக்கரமும் ஒழுங்காகத்தான் தெரிந்தன. கொடுக்க மனமில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

பதினோரு மணி நேரப் பயணம். ஐஸ் பெட்டியில் சாண்ட்விச், குடிக்க வீட்டுக் குழாய்த் தண்ணீர். பெட்ரோல் போட நின்ற இடங்களிலெல்லாம் கழிவறைக்குப் போகிறேன் என்று போனைக் கையில் எடுத்துக்கொண்டே போனான்.

அறை ஆறாவது மாடியில் இருந்தது. பால்கனிக்கு நேர் கீழே சிமென்ட் தரை.

"இங்க வந்து பாரு நோரீன், கடல் எப்படி மின்னுது!"

"இங்கேர்ந்தே தெரியுது," என்று அவள் கட்டிலோரத்திலேயே நின்றாள்.

ஆனால் சாயங்காலம் மணலில் நடக்கும்போது அவன் அவள் கையைப் பிடித்தான். கூட்டமில்லாத கடற்கரை, வெதுவெதுப்பான தண்ணீர், கால் நனைக்கும் நாலைந்து கிழ ஜோடிகள். அவளும் அவன் விரல்களைக் கோத்துக்கொண்டாள். இந்த மனிதனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்றுகூட நினைத்தாள்.

காலையில் அவன் இஸ்திரிச் சட்டையோடு எதிரே வந்து நின்றான்.

"நோரீன், கோவிச்சுக்கக் கூடாது. ரூம் சும்மா கிடைச்சதுக்கு ஒரு காரணம் இருக்கு. பத்து மணிக்கு நம்ம ரெண்டு பேரும் ஒரு மீட்டிங்ல உட்காரணும். தொண்ணூறு நிமிஷம்."

அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. பிறகு கட்டிலில் விழுந்து சிரித்தாள். வருடத்துக்கு ஒரு வாரம் வந்து தங்கும் உரிமையை விலைக்கு விற்கும் விடுதிக்காரர்கள்! புருஷன் பெண்டாட்டி இருவரும் அடையாள அட்டையோடு வந்து, அவர்களுடைய விற்பனைப் பேச்சைக் கடைசி வரை உட்கார்ந்து கேட்டால் அறை இலவசம். ஒருவர் பாதியில் எழுந்தாலும் நாலு நாள் வாடகையும் முழுசாகக் கார்டில் ஏறிவிடும்.

"அட லூசு! இதுக்கா ஷெட்டுக்குள்ள போய் ஒளிஞ்ச? நான் இன்ஷூரன்ஸ் பத்திரத்தையெல்லாம் எடுத்துப் படிச்சேன்டா!"

"முன்னாடியே சொன்னா வந்திருப்பியா?"

"மாட்டேன்."

"அதான்."

இருவரும் சிரித்துக்கொண்டே கீழே இறங்கினார்கள். பெரிய கூடம். முகப்பில் பேட்ஜ் குத்திய பெண் அவர்களுடைய லைசென்ஸ்களை வாங்கிக் கம்ப்யூட்டரில் தட்டினாள். அவள் முகம் மலர்ந்தது.

"அடடே, மறுபடியும் வந்ததுக்கு ரொம்பச் சந்தோஷம் மேடம்!"

"மறுபடியுமா?"

"பேரும் போர்டும்தான் மாறியிருக்கு, விடுதி அதேதான். ஒரு ஜோடி ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரலாம். நீங்க வந்து ரெண்டரை வருஷம் ஆச்சு, பிரச்சினையில்ல. ஏப்ரல், நாலு நாள். அப்ப கொடுத்த பரிசு இப்பவும் இருக்கு, பாருங்க."

அவள் கை காட்டிய இடத்தில் நீலப் பெட்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் முகத்திலும் வெள்ளி நிறத்தில் ஒரு கடல்குதிரை.

நோரீன் மனசுக்குள் பின் சீட் வரை நடந்து பார்த்தாள். ஏப்ரல். கொலம்பஸ் பயிற்சி. தொலைந்த லைசென்ஸ். அதே மூக்கு, அதே மோவாய். நான்கும் ஒழுங்காக இருந்த சக்கரம்.

திரும்பி டுவேனைப் பார்த்தாள். இஸ்திரிச் சட்டையின் காலருக்கு மேலே அவன் கழுத்து சிவந்திருந்தது.

"ஆமா, ஏப்ரல்ல வந்தோம்," என்றாள் அந்தப் பெண்ணிடம். "நான்தான் மறந்துட்டேன்."

கிளிஃப் என்ற விற்பனையாளன் வட்ட மேஜைக்கு அழைத்துப் போனான். பல்லெல்லாம் தெரியும் சிரிப்பு. படம் காட்டினான், கணக்குப் போட்டான். டுவேன் மேஜைக்கு அடியில் அவள் முழங்காலைத் தொட்டான். அவள் காலை நகர்த்திக்கொண்டாள்.

"உங்களுக்குச் சரியான அளவுல ஒரு ரூம் பார்க்கணும்," என்றான் கிளிஃப். "வழக்கமா எத்தனை பேர் வருவீங்க?"

"ரெண்டு," என்றான் டுவேன்.

"மூணு," என்றாள் நோரீன். "என் தங்கச்சியையும் சேர்த்துக்கோங்க. இவருக்கு அவ கூட வந்தா பிடிக்கும்."

கிளிஃப் குறித்துக்கொண்டு காப்பி எடுத்துவரப் போனான்.

"ஒரே ஒரு தடவைதான் நோரீன்," டுவேன் கிசுகிசுத்தான். "சத்தியமா. அதோட முடிஞ்சுபோச்சு. அதுக்காகத்தான் உன்னை இந்தத் தடவை..."

"அவளைக் கூட்டிட்டு வந்த அதே இடத்துக்கா?"

"பேரு மாறியிருந்துச்சு. வேற இடம்னு நினைச்சேன். வந்து இறங்கினப்புறம்தான் தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா நேத்து கையைப் பிடிச்சே?"

கிளிஃப் திரும்பி வந்தான். பிறகு அவனுடைய மேலாளர் வந்து விலையைக் குறைத்தார். இன்னொருவர் வந்து இன்னும் குறைத்தார். நோரீன் யார் பேச்சையும் காதில் வாங்கவில்லை. ஒரு கண்ணைச் சுவர்க் கடிகாரத்தில் வைத்திருந்தாள். அவன் ஏதாவது சொல்வானா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போகலாம் வா, இந்த ரூம் எப்படியோ போகட்டும், வெளியே போய்ப் பேசலாம் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாளோ, அவளுக்கே தெரியாது.

எண்பத்தெட்டாவது நிமிடத்தில் அவள் எழுந்தாள்.

டுவேன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். முகம் வெளிறியிருந்தது. "நோரீன், உட்காரு. கெஞ்சிக் கேக்கறேன். இன்னும் ரெண்டே ரெண்டு நிமிஷம்!"

அவள் அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். அவன் சட்டைப் பையிலிருந்த கார் சாவியையும் எடுத்துக்கொண்டாள்.

"மேடம், நீங்க இப்ப போனீங்கன்னா ரூம் வாடகை முழுசும்..." என்று ஆரம்பித்தான் கிளிஃப்.

"அவர் கார்டுல போடுங்க," என்றாள். "மினி பார்ல இருக்கறதையும் சேர்த்து."

வண்டி நிறுத்துமிடத்தில் உப்புக்காற்று பலமாக அடித்தது. காரில் உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்து, போனை எடுத்தாள். இரண்டாவது மணியிலேயே ட்ரூடி எடுத்துவிட்டாள், போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தவள் போல.

"அக்கா? என்னாச்சு? அங்க எல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்குடி. அந்த நீலப் பெட்டியை எடுத்துத் தூசி தட்டி வை. நாளைக்குக் காலைல வந்து வாங்கிக்கறேன்."

"சக்கரம் உடைஞ்சிருக்குன்னு..."

"பரவாயில்ல. டுவேன் துணிமணியை அடைச்சு உன் வீட்டு வாசல்ல இறக்கறதுக்கு சக்கரம் எதுக்கு?"

பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்தாள். நோரீன் காரைக் கிளப்பினாள். வழக்கம்போல ஒருமுறை பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தாள். ஐஸ் பெட்டியும் அவன் செருப்பும் கிடந்தன. செருப்பை மட்டும் எடுத்து ஜன்னல் வழியே வெளியே போட்டுவிட்டு வண்டியை எடுத்தாள்.